‘சமைத்துப் பார்’ நூலும் அப்பாவின் தட்டும்

திருமணம் முடிந்து என் மனைவி கிள்ளானிலிருந்து ஜொகூருக்கு வந்தபோது, துணிப் பெட்டிக்கு அடியில் மூன்று புத்தகங்களும் வந்தன. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. முதல் பாகத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் கறை. சில பக்கங்கள் தனியாகக் கழன்று வந்தன. கல்யாணப் பெண்ணுக்கு இந்த நூலைக் கொடுத்தனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் உண்டு. மனைவியின் பாட்டி வீட்டில் அது கடல் தாண்டியும் தொடர்ந்திருக்கிறது. நான் அதைக் கையில் எடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். எடுக்க வைத்தவர் அப்பா.

அப்பா கூலாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் அம்மாவும் அவரும் ஸ்கூடாயில் எங்களோடு வந்து தங்கினார்கள். மனைவி பிறந்ததிலிருந்தே சைவம். அடுப்பு ஒன்று, பழக்கம் இரண்டு. வீட்டில் சைவம் மட்டும், வெளியே அவரவர் விருப்பம் என்று நான்கு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். "அதுக்கென்னப்பா, எனக்கு ஒன்னும் பிரச்சனை இல்ல" என்று முதலில் சொன்னவரே அப்பாதான்.

பிரச்சனை இருந்தது. இரவில் ஒரு கரண்டி சோறு, அதன் மேல் கொஞ்சம் சாம்பார், "போதும்மா, வயிறு சரியில்ல" என்று எழுந்துவிடுவார். பாசிர் கூடாங்கில் என் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது ஒருநாள் அவரைப் பார்த்தேன். தாமான் முனையில் ஒட்டுக்கடை. இரவு பத்து மணி. மேசையில் ஹெல்மெட், தட்டில் கோழி, எதிரில் யாரும் இல்லை. நான் காரை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தால் மனைவி வைத்த குழம்பு அடுப்பின் மேல் மூடியபடி இருந்தது. அவருக்கு அப்பாவின் வயிறு எந்த ஊரில் சரியாகிறது என்று தெரிந்தே இருந்தது. கேட்கவில்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பிடிக்கிற மாதிரி சைவம் சமைப்பது எப்படி என்பது வார இதழ்களின் சமையல் பக்கங்களில் அடிக்கடி வரும் கேள்வி. எங்கள் வீட்டில் அது ஒரே மேசையில் நான்கு பேர் உட்கார முடியுமா என்ற கேள்வியாக வந்து நின்றது. அதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ‘சமைத்துப் பார்’ நூலைப் பிரித்தேன். இந்தக் கட்டுரை அந்த நூலைப் பற்றியது. எங்கள் மேசையிலிருந்து எழுதப்படுவதால் கொஞ்சம் ஒருதலையாகவும் இருக்கலாம்.

மீனாட்சி அம்மாள் 1905-இல் பிறந்து 1962-இல் மறைந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தன் மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலால் எழுதத் தொடங்கினார். முதல் பாகம் 1951-இல் வெளிவந்தது. கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து வேலைக்காக வெளியூர் போகும் இளம் தம்பதிகளுக்குப் பக்கத்தில் மாமியார், அத்தை என்று கேட்க ஆளில்லாத காலம் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் இந்த நூல் போய் உட்கார்ந்தது.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். இங்கேயே ஸ்கூடாயில் இருக்கும் பல்கலைக்கழகத்தில்தான். தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று வேலைமுறைக் குறிப்பு எழுதுவது என் அன்றாட வேலை. அந்தக் கண்ணோடு படித்தால் மீனாட்சி அம்மாளை வணங்கத் தோன்றும். எதை முதலில், எதை அடுத்து, எவ்வளவு என்பதில் அவர் கை நடுங்குவதே இல்லை. பழைய அளவுகள் பலம், வீசை, ஆழாக்குக் கணக்கில் இருந்தவை. ஒரு வீசை 40 பலம், ஏறத்தாழ 1.4 கிலோ. ‘கொஞ்சம்’, ‘தேவையான அளவு’ என்று சொல்லி நழுவுகிற நம் சமையல் பேச்சில் அவர் அளவைக் கொண்டுவந்து வைத்தார். "அதெல்லாம் கைப்பக்குவம்" என்று மூடி வைத்திருந்ததைத் திறந்துவிட்டார். என் கணக்கில் தமிழ் உரைநடைக்கே அது ஒரு கொடை.

ஆனால் மூன்று இரவுகள் தொடர்ந்து படித்தபின் ஒன்று உறுத்தத் தொடங்கியது. இந்த நூலில் சமைக்கிறவர் இருக்கிறார். சாப்பிடுகிறவர் இல்லை. அதாவது, சாப்பிட மறுக்கக்கூடிய ஒருவர் இல்லை. சென்னைப் பிராமண வீட்டின் சமையல் இது. அந்த வீட்டில் இலை போட்டு உட்கார்கிற எல்லாருக்கும் இதுதான் சாப்பாடு, வேறொன்று இருக்கிறது என்ற நினைப்பே வராது. யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டிய அவசியம் அந்தச் சமையலுக்கு இருந்ததில்லை. பூண்டும் பட்டை கிராம்பும் அந்த மரபில் அன்றாடத் துணைகள் அல்ல. என் அப்பாவின் நாக்கோ அந்த வாசனையில்தான் ‘சாப்பாடு வந்துவிட்டது’ என்று புரிந்துகொள்ளும்.

இது நூலின் குற்றம் அல்ல. தனக்குத் தெரிந்த வீட்டை அவர் எழுதினார். குறை நம்முடையது. ஒரு வீட்டுச் சமையலைத் தமிழ்ச் சைவச் சமையல் என்று பொதுப்பெயர் வைத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பியது நாம்தான். நம் சொற்களைப் பாருங்கள். சைவம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அதைச் சாப்பாட்டின் பெயராக்கினோம். அதைச் சாப்பிடாதவர்களுக்கு ‘அ’ போட்டு அசைவம் என்றோம். பெரும்பாலான தமிழர்கள் அன்றாடம் சாப்பிடுவதற்கு ஓர் இல்லை-சொல்தான் பெயராக இருக்கிறது. திருக்குறளில் ‘புலால் மறுத்தல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு, பத்துக் குறள். எல்லாம் அறத்தின் வாதம். மறுத்த பிறகு நாக்குக்கு என்ன பதில் என்பது வள்ளுவரின் வேலை அல்ல, சமையல்காரரின் வேலை. அந்த வேலையை நாம் எழுத்தில் செய்யவே இல்லையோ என்று தோன்றியது.

அப்பாவுக்குச் சைவம் என்றால் வேறு அர்த்தம். ஒருநாள் சொன்னார். "எங்களுக்கெல்லாம் சைவம்னா சம்பளத்துக்கு முந்தின வாரம்ப்பா. கடைக் கணக்கு ஏறிப்போயி, கருவாடு கூட வாங்க முடியாது. பருப்புத் தண்ணி, மரவள்ளிக் கிழங்கு. அதைத்தான் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போவோம்." புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் அவருக்குப் பிடிக்கும். அது சாமிக்காக அவராக விடுவது. நாங்கள் கொடுத்தது அப்படி இல்லை. அவர் தட்டில் மறுபடி அந்தப் பழைய வாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

முதல் தீர்வாக எனக்குத் தோன்றியது சைவ இறைச்சி. மலேசியாவில் இது சுலபம். சீனர் சைவக் கடை இல்லாத ஊர் குறைவு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் நெரியும். ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழாவுக்கு அவர்கள் ஒன்பது நாள் சைவம் இருப்பார்கள். 2023-லும் 2024-லும் அந்த விழாவும் நம் நவராத்திரியும் ஒரே நாளில் தொடங்கின. புரட்டாசியும் கூட ஓடிக்கொண்டிருந்ததால், குளிர்பெட்டி முன்னால் திருநீறு வைத்தவர்களும் மஞ்சள் கயிறு கட்டிய சீனர்களும் ஒரே பொட்டலத்துக்குக் கை நீட்டுவதைப் பார்க்கலாம். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி மாவுச்சத்தைப் போக்கினால் மிஞ்சும் பசை ஒரு வகை. சோயா இன்னொரு வகை. ஷீட்டாக்கே காளானின் காம்பைப் பிரித்துச் செய்கிற ‘மட்டன்’ நிஜமாகவே நாருநாராகக் கிழியும். மடாலயத்துக்கு வரும் விருந்தாளிக்குத் தன் நெறி தவறாமல் அவன் நாக்கையும் மதிக்க வேண்டும் என்று யோசித்தவர்களின் பழைய கலை அது. அதைக் கேலி செய்ய மாட்டேன்.

பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அம்மாவின் மட்டன் மசாலா, அதே பக்குவம். வாசனை ஹால் வரைக்கும் போனது. அப்பா தானாக எழுந்து வந்து உட்கார்ந்தார். முதல் துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னய ஏமாத்தப் பாக்குறியா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. அன்றும் ஒரு கரண்டிதான் சாப்பிட்டார்.

அந்தக் கேள்வியை ஒரு விமர்சனமாக எடுத்துக்கொண்டு யோசித்தேன். நகலுக்கு என்ன கஷ்டம் என்றால், அதைத் திருத்துகிறவர் எப்போதும் அசலின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் திருத்துவார். எழுபது மார்க் வாங்கினால், வாங்காத முப்பதுதான் கண்ணில் படும். இறைச்சியை விட்டுவிட்டு அதன் நினைவோடு வாழ்கிறவருக்கு அந்த எழுபது போதும், ஆறுதலாகவே இருக்கும். விடாதவருக்கு அது முப்பது மார்க் நஷ்டம். இன்னொன்றும் இருக்கிறது. சைவ மட்டனைப் பரிமாறும்போது ‘உண்மையான சாப்பாடு என்றால் மட்டன்தான்’ என்று சமைத்தவரே ஒப்புக்கொண்டு விடுகிறார். அப்புறம் கத்தரிக்காயை எப்படித் தலைநிமிர்ந்து கொண்டுவந்து வைப்பது?

பொருநராற்றுப்படையில் ஓர் இடம் நினைவுக்கு வந்தது. கரிகாலனின் விருந்தில் பொருநன் இறைச்சியாகத் தின்று தீர்க்கிறான். அது சலித்துவிட்டது என்றதும் பல வடிவங்களில் பண்ணியங்கள் வருகின்றன. இறைச்சி போல வேடம் போட்டு வரவில்லை. பண்ணியமாகவே வருகின்றன. விருந்து கொடுப்பவன் சாப்பிடுகிறவனின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அந்தப் பார்வைதான் எங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தது. நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. மாக்சிக்கின் மகனுக்குக் கல்யாணம். கெந்தூரிக்கு எல்லாரும் போனோம். நெய்ச்சோறு, கோழி, மாட்டிறைச்சி ரெண்டாங் எல்லாம் வரிசையாக இருந்தன. அப்பா மாடு சாப்பிட மாட்டார். கோழி எடுத்தார். அதோடு அன்னாசிப் பாஜேரியை இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். திரும்பப் போய் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். மனைவி என் கையை இடித்து, "மாமா தட்டப் பாருங்க" என்றார். கோழித் துண்டு ஓரமாக இருந்தது. பாஜேரிதான் தீர்ந்திருந்தது.

பாஜேரி ஜொகூர் மலாய் வீட்டு விசேஷங்களில் சர்வசாதாரணம். பெயரைச் சொல்லிப் பார்த்தால் நம் பச்சடியின் ஓசை கேட்கும். அன்னாசியிலும் செய்வார்கள், கத்தரிக்காயிலும் செய்வார்கள். பொந்தியான் மாவட்டத்தில் ஓர் ஊருக்குப் பெயரே பெக்கான் நானாஸ், அன்னாசிப் பட்டணம். அங்குள்ள கரிமண்ணில் அன்னாசிதான் ராஜா. அதிகம் பழுக்காத அன்னாசியைத் தடித்த துண்டாக நறுக்கி, பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூவோடு வெங்காயம், பூண்டு, இஞ்சி விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, மசாலாத்தூள், தேங்காய்ப்பால், கூலா மலாக்கா சேர்த்து, கடைசியில் கெரிசிக் போட்டு இறக்குவார்கள். கெரிசிக் என்பது துருவிய தேங்காயை எண்ணெய் இல்லாமல் காப்பி நிறத்துக்கு வறுத்து, எண்ணெய் கசியும்வரை இடித்த விழுது. சில வீடுகளில் காய்ந்த இறாலும் சேர்ப்பார்கள். மறுநாள் மனைவி போய்க் கேட்டுவந்தார். மாக்சிக்கின் பாஜேரியில் இறால் கிடையாது. முழுச் சைவம். இத்தனை வருடமாக அப்பா எந்தக் கெந்தூரிக்குப் போனாலும் அதைத் தேடிப் போட்டுக்கொள்கிறவர் என்று அம்மா சொன்னார். அதற்கு யாரும் சைவம் என்று பெயர் வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவ்வளவுதானா? எனக்குள் இருக்கும் இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் மட்டும் ஒரு கரண்டியை மூன்று கரண்டி ஆக்காது. கெரிசிக்கில் ஏதோ இருக்கிறது.

1912-இல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதைப் பற்றி எழுதினார். வறுத்த இறைச்சியின் வாசனையில் பெரும்பங்கு அந்த வினைக்குத்தான். அடுப்பில் அது வேகமாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி சூடு வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100-ஐத் தாண்டாது. கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோவையும் ஒரே சட்டியில் கொட்டி உப்பும் போட்டால் அது தன் தண்ணீரிலேயே வெந்து துவளும், ஒருநாளும் பழுப்பாகாது. எங்கள் வீட்டுக் காய்கறிகள் எல்லாம் அந்த 100 டிகிரியிலேயே நின்றுகொண்டிருந்தன. மென்மையாக, சத்தாக, வாசனையில்லாமல். தேங்காயை வறுத்து இடிக்கும்போது அந்த இன்னொரு பக்கத்து வாசனை குழம்புக்குள் வந்துவிடுகிறது. அப்பாவின் நாக்கு கோழியிலும் ஆட்டிலும் தேடியதில் ஒரு பகுதி இந்தப் பழுப்புதான். அது ஆட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

இன்னொரு பகுதி எலும்பின் சாறு. அப்பாவுக்குப் பருப்பென்றால் எலும்பு போட்ட பருப்புதான். 1908-இல் ஜப்பானில் கிக்குனாயே இக்கேடா கடற்பாசிச் சாறிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, நாவில் ஊறும் அந்தக் கனத்த சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். தக்காளியிலும் புளிக்கவைத்த சோயாவிலும் அது உண்டு. காய்ந்த ஷீட்டாக்கே ஊறிய தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். காளான் காம்பை மட்டன் ஆக்குவதைவிட, காளான் ஊறிய தண்ணீரைப் பருப்பில் ஊற்றுவது மேல் என்று இப்போது சொல்வேன். கூடவே ஒரு தேக்கரண்டி தௌச்சோ. அது உப்பு, அதனால் குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி ‘சமைத்துப் பார்’ நூலைத் திறந்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. பிட்லை, ரசவாங்கி, வறுத்தரைத்த சாம்பார். தனியா, மிளகாய், கடலைப்பருப்பு, தேங்காய் எல்லாவற்றையும் சிவக்க வறுத்து அரைப்பது அங்கே இருக்கிறது. கெரிசிக்கின் அக்காள் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறாள். நாங்கள்தான் வேலை நாட்களின் அவசரத்தில் வறுப்பதை விட்டுவிட்டுப் பொட்டலப் பொடியைப் போட்டு, அதற்கு மீனாட்சி அம்மாளின் பெயரை வைத்துக்கொண்டிருந்தோம். நான் முதலில் சொன்ன குறையில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த நூல் என் அப்பாவைப் போன்ற ஒருவரை நினைத்துப் பார்க்கவில்லை என்பது இப்போதும் உண்மை. ஆனால் அவருக்கான பதில் அதற்குள் இருக்கிறது. கேள்வியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பாகற்காய்ப் பிட்லை வைத்தார். புத்தகத்தின் முறைதான், ஆனால் மசாலாவைப் பாஜேரியின் நிறத்துக்கு வறுத்தார். மிளகு கூட. பாகற்காயைத் தனியாக, இரண்டு தவணையாக, சட்டியில் இடம்விட்டுச் சுருளச் சுருள வதக்கிப் போட்டார். தாளிப்பில் நான்கு பல் பூண்டு. "எங்க பாட்டி பாத்தா பூண்டுக்கே தலைமுழுகுவாங்க" என்று சிரித்தார். அம்மா தன் பங்குக்கு வாழைக்காயை மீன் மசாலாவில் புரட்டி வறுத்தார். அதற்கு மீன் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. வாழைக்காய் என்றே சொல்லிப் பரிமாறினோம்.

அப்பா பிட்லையைப் பிசைந்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டார். மூன்றாம் முறை சோறு இல்லாமல் குழம்பை மட்டும் ஊற்றிக் குடித்தார். பிறகு, "என்னம்மா போட்ட, கறிக்குழம்பு வாசம் வருதே" என்று மருமகளிடம் கேட்டார். "ஒன்னுமில்ல மாமா, பாவக்காதான்." "கசக்கலையேலா" என்றார். கை காயும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

இதை வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு உரிமை இல்லை. அப்பா இன்னும் ஒட்டுக்கடைக்குப் போகிறார், வாரத்தில் இரண்டு நாள். அவர் கோழியை விட வேண்டும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மற்ற ஐந்து நாள் வீட்டில் சாப்பிடுகிறார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். வெண்டைக்காய் மோர்க்குழம்பு அவருக்கு இன்றுவரை ஆகாது. பருப்பில் காளான் தண்ணீர் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிறார்.

மீனாட்சி அம்மாளின் முதல் பாகத்தில், பிட்லைப் பக்கத்தின் ஓரத்தில், பழைய மஞ்சள் கறைக்குப் பக்கத்தில் இப்போது பென்சிலில் ஒரு குறிப்பு இருக்கிறது. மனைவியின் கையெழுத்து. ‘மாமாவுக்கு: மிளகு அரை ஸ்பூன் கூட. தேங்காய் இன்னும் சிவக்கணும்.’